மூன்றாவது ஓலை

காலை ஒன்பதேகால் மணியிலிருந்து சுந்தர்சிங் தன் கம்ப்யூட்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அது வாயைத் திறக்கவில்லை.

உள்ளே காற்றாடி சுற்றுவது கேட்டது. ஹார்டு டிஸ்க் கரகரத்தது. ஆக, உயிர் இருந்தது; பேச்சுதான் இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குப் பேசாத கம்ப்யூட்டரால் என்ன பிரயோஜனம்? மேலே ஒரு துணியை விரித்துப் பூச்சாடி வைக்கலாம். அவ்வளவுதான்.

செல்போன் அடித்தது. மனைவி சாராள். விடிந்ததும் விடியாததுமாகச் சாவு வீட்டுக்குப் போனவள்.

"என்னங்க, பிரின்ட் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டே இருக்கேன்."

"எடுத்துக்கிட்டே இருக்கேன்னா? நாலு மணிக்குக் கோயில்ல சர்வீஸ். ஈசாக்கு ஐயா ரெண்டு தடவை கேட்டுட்டார். வாசிக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு தடவை காட்டணுமாம்."

"அவர்கிட்ட எதுக்குக் காட்டணும்?"

"இது என்ன கேள்வி? நாப்பது வருஷமா அவர் வீட்லதானே டீச்சர் இருந்தாங்க?"

அதனால்தான் காட்ட முடியாது என்று சுந்தர்சிங் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

ஞானஜோதி டீச்சர் திங்கட்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். வயது எழுபத்தொன்று. மேற்குத் தாம்பரத்தில் முப்பத்தைந்து வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை தபீதாளும் அவள் கணவர் ஈசாக்கும் கீழே, டீச்சர் மாடியில் ஒற்றை அறையில். அப்படியே காலம் ஓடிவிட்டது.

அவர்கள் கோயில் சபையில் யார் கண்ணை மூடினாலும், அடக்க ஆராதனையில் அவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார்கள். எழுதித் தருவது சுந்தர்சிங். பிழைப்புக்குக் கிண்டியில் டெலிபோன் ஆபரேட்டர், புண்ணியத்துக்கு இது. இருபது வருஷ அனுபவம். வாயைத் திறந்தால் சண்டை போடுகிறவளை 'மனதில் பட்டதைப் பேசியவர்' என்று எழுதுவார். யாருக்கும் ஒரு டீ வாங்கித் தராதவரை 'எளிமையாக வாழ்ந்தவர்' என்று எழுதுவார். செத்தவர் எழுந்து வந்து கேட்கவா போகிறார்?

ஆனால் ஞானஜோதி டீச்சர் உயிரோடு இருக்கும்போதே வந்து கேட்டார். போன மாதம் மூன்று சனிக்கிழமை செம்பாக்கத்தில் இவர் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தன் கதையைத் தானே சொன்னார். கடைசிச் சனிக்கிழமை ஒரு வரியை எழுதச் சொன்னார்.

'1967-ஆம் வருஷம் செங்கல்பட்டில் ஞானஜோதிக்கும் ஈசாக்கு என்பவருக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.'

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சபையில் வாசிப்பார்களே, அந்த ஓலை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஈசாக்கு, பெண் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தங்கையின் போட்டோவைப் பார்த்துவிட்டார். தங்கை அப்போது மதுரையில் நர்ஸ் படிப்பு, ஹாஸ்டல் வாசம். அக்காவுக்குக் கல்யாணமே இஷ்டமில்லை என்று அவளிடம் சொல்லி, ஓலை வாசித்ததை மறைத்து, ஈசாக்குக்கே அவளைக் கட்டிவைத்துவிட்டார்கள். இன்றுவரை தபீதாளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"இப்ப எதுக்கு டீச்சர் இது?" என்று சுந்தர்சிங் கேட்டார்.

"நாப்பது வருஷமா நான் வாயைத் திறக்கலை. பொட்டிக்குள்ள போனப்புறமாவது சபைல ஒரு தடவை சத்தமா வாசிக்கட்டும். அதுதான் எனக்கு மூணாவது ஓலை. வாசிக்க வெப்பியா?"

"சத்தியமா வெக்கிறேன் டீச்சர்."

பிறகு கம்ப்யூட்டர் முழுவதையும் படித்துக் காட்டியது. டீச்சர் கடைசிவரை கேட்டுவிட்டு, "தாம்பரம் ஸ்டேஷன்ல ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரியே சொல்லுது" என்றார். அழுதாரா சிரித்தாரா என்று சுந்தர்சிங்குக்குப் புரியவில்லை.

இப்போது அந்த வரி பெட்டிக்குள் இருந்தது. டீச்சரும் பெட்டிக்குள் இருந்தார்.

சுந்தர்சிங்கின் கம்ப்யூட்டருக்குள் இரண்டு குடித்தனம். ஒன்று விண்டோஸ். அது இங்கிலீஷ் நன்றாகப் பேசும். தமிழைக் கண்டால் 'கேள்விக்குறி, கேள்விக்குறி' என்று இங்கிலீஷில் புலம்பும். இன்னொன்று லினக்ஸ். அது மூக்கடைத்த குரலில் தமிழ் படிக்கும். ஆனால் பிரின்டரைக் கண்டால் யாரோ மூன்றாம் மனுஷன் என்று இருந்துவிடும். ஆகவே அவர் எழுதுவது லினக்ஸில். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்ப் பிரின்ட் போடுவது விண்டோஸில். லினக்ஸில் இன்னொரு சௌகரியம், வேறு யாரும் அதற்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்விட்சைப் போட்டதும் எதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலுக்குக் குரல் கிடையாது. சுந்தர்சிங் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். சும்மா விட்டால் லினக்ஸ். கீழ் அம்புக்குறியை நாலு தட்டு தட்டி என்டர் அடித்தால் விண்டோஸ்.

இன்று சும்மா விட்டார். லினக்ஸ் வந்ததற்கு அடையாளமாக வரும் மேளச் சத்தம் வரவில்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டார். வரவில்லை. சரி, விண்டோஸாவது வருகிறதா என்று நாலு தட்டு தட்டி என்டர் அடித்தார். அதுவும் மௌனம்.

போதாததற்கு நாற்காலி ஒரு ஜாண் உயர்ந்திருந்தது. கீபோர்டில் நீலகிரித் தைல வாசனை. துடைக்கிறேன் பேர்வழி என்று வேலைக்காரி மாரி நாற்காலியைத் திருகியிருப்பாள். சாராள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு கீபோர்டைத் தொட்டிருப்பாள். இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்காது என்று அலுத்துக்கொண்டார். மாரியைக் கேட்கலாம் என்றால், சொந்தத்தில் கல்யாணம் என்று இரண்டு நாள் லீவு. சனிக்கிழமைக்குப் பிறகு அவர் இதைத் தொடவே இல்லை. சனிக்கிழமை நன்றாகத்தான் பேசியது.

இரண்டும் ஒரே நாளில் ஊமையானால் கோளாறு ஸ்பீக்கரில்தான் என்று முடிவு செய்தார். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி ரேடியோவில் சொருகினார். கடலோர மாவட்டங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு என்று ஸ்பீக்கர் கணீரென்று சொன்னது. அப்படியானால் உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை முஸ்தபாவுக்குப் போன் போட்டார்.

"பத்து நிமிஷத்துல வரேன் சார்."

பதினொன்று ஆகியும் முஸ்தபா வரவில்லை. பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமிதான் குரல் கேட்டு வந்தார்.

"மாமி, ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"கண்ணாடியை ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் சார். பொடி எழுத்து தெரியாது. நீலக் கலர்ல இருக்கு. ஏதோ நம்பரெல்லாம் ஓடறது. ஒரு இடத்துல பெர்சென்ட் ஏறிண்டே போறது. நாப்பது... நாப்பத்திரண்டு..."

சுந்தர்சிங்குக்கு உயிர் வந்தது. விண்டோஸ் தனக்குத்தானே ஏதோ ஏற்றிக்கொண்டிருக்கிறது! அந்த நேரத்தில் அணைக்கக்கூடாது. அணைத்தால் எல்லாம் கெட்டது. அது முடிந்தால் பேசிவிடும்.

"நூறு வர்ற வரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாது மாமி."

மாமி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா?

"நானும் ஞானஜோதி டீச்சர்கிட்டதான் ஹையர் பாஸ் பண்ணேன். ஸ்கேலால முட்டில போடுவா பாருங்கோ, இன்னிக்கும் மழைக்காலத்துல வலிக்கறது. ரொம்ப நல்லவ. ஆனா ஒண்ணு, அழி ரப்பரை உள்ளயே விடமாட்டா. ஒரு எழுத்து தப்பானாலும் முழுப் பேப்பரையும் கிழிச்சுட்டுத் திரும்ப அடிக்கணும். 'அடிச்சது அடிச்சதுதான், எங்கிட்ட அழிக்கறதுங்கறது கிடையாது'ம்பா... சார், தொண்ணூத்தெட்டு! தொண்ணூத்தொம்பது! நூறு!"

சுந்தர்சிங் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஐயோ," என்றார் மாமி, "மறுபடியும் சைபர்லேர்ந்து ஆரம்பிச்சுடுத்து."

இப்படி ஆறு தடவை நூறு வந்தது. ஆறு தடவை சைபர் வந்தது. நடுவில் மாமி வீட்டுக்குப் போய்க் குக்கர் வைத்துவிட்டு வந்தார். சாராள் நாலு தடவை போன் செய்தாள். நாலாவது தடவை பின்னணியில் தபீதாளின் அழுகை கேட்டது. 'அக்கா, எனக்காகவே இருந்தியேக்கா' என்று அந்த அம்மாள் அரற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டேகாலுக்கு முஸ்தபா வந்தார்.

"பாத்தீங்களா சார், சொன்ன மாதிரி வந்துட்டேன்!"

"எண்பத்தொம்பதுல இருக்கு, கை வெக்காதேள்!" என்று மாமி அலறினார்.

முஸ்தபா திரையைப் பார்த்தார். சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

"மாமி, அது மெமரிய டெஸ்ட் பண்ணிகினு கீது. ரம்ஜான் வரைக்கும் வுட்டாலும் ஓடிகினேதான் இருக்கும்."

மூன்று மணி நேரமாக எண்ணிய மாமி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"மெமரி டெஸ்டா? நான் நாலு தட்டு தட்டி விண்டோஸ்தானே போட்டேன்?" என்றார் சுந்தர்சிங்.

முஸ்தபா மறுபடி சுவிட்சைப் போட்டார். பட்டியல் வந்திருக்க வேண்டும்.

"இன்னா சார் இது, ஓட்டல் மெனு மாதிரி! உள்ள ரெண்டு சிஸ்டமா வெச்சிகினு கீறீங்க? அதான் பேஜாரே. ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் போட்டா ஸ்டியரிங்க யாரு புடிக்கறது? இருங்க, சி.டி. போட்டு அஞ்சு நிமிஷத்துல சரி பண்றேன்."

"இருங்க பாய், லினக்ஸ்ல எனக்கு ஒரு ஃபைல் இருக்கு..."

"ஃபைல் எங்கயும் போவாது சார். என்னை நம்புங்க."

நம்பினார். பார்வை இல்லாதவருக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வழி? சி.டி. சுற்றியது. முஸ்தபா ஏதோ தட்டினார். கம்ப்யூட்டர் அணைந்து உயிர்பெற்றது. அப்புறம் விண்டோஸின் அந்தப் பழகிய ஓசை ஸ்பீக்கரில் எழுந்தது. இங்கிலீஷ் குரல் மளமளவென்று பேசத் தொடங்கியது. சுந்தர்சிங்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"சவுண்ட் கார்டு நல்லாத்தான் கீது சார். உங்க மெனுல மேல புதுசா ரெண்டு வரி வந்து குந்திகினு இருந்துச்சி. அஞ்சாவதா இருந்த விண்டோஸு ஏழாவதுக்கு எறங்கிட்டுது. நீங்க நாலு தட்டுனா மெமரி டெஸ்டுலதான் போய் வுழும். லினக்ஸ அப்டேட் பண்ணீங்களா?"

"நான் தொடவே இல்லையே!"

"யாரோ பண்ணிகீறாங்க. புது லினக்ஸு வந்து முதல் வரில குந்திகிச்சி. புதுசுக்கு உங்க சவுண்ட் கார்டு புடிபடல போல, அதான் ஊமையா வந்துகீது."

"அதுக்குள்ள யாருமே போக மாட்டாங்களே..." சுந்தர்சிங் சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப பழைய லினக்ஸ் இன்னும் இருக்கா?"

"மூணாவது வரில இருந்துச்சி. அது பேசியிருக்கும்."

"சீக்கிரம் அதுக்குள்ள போங்க பாய்! மூணாவது வரி!"

முஸ்தபா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த மெனுவையேதான சார் இப்ப எடுத்துட்டேன்."



"திரும்ப வருமா?"

"வரும் சார். லினக்ஸ் சி.டி. வேணும். எங்கிட்ட இல்ல, ரிச்சி ஸ்ட்ரீட் போய்தான் வாங்கியாரணும். நாளைக்குக் காலீல மொத வேலையா செஞ்சிட்றேன்."

மணி மூன்று.

சுந்தர்சிங் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அது எவ்வளவு சுகமாக இருந்தது! கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, ஃபைல் கிடைக்கவில்லை, மன்னியுங்கள் டீச்சர். இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? பிறந்த தேதி, இன்ஸ்டிடியூட், பாஸ் செய்த மாணவர்கள், ஆமென். அந்த வரி அப்படியே பெட்டிக்குள் கிடக்கட்டும். தபீதாள் நிம்மதியாக அழுது முடிப்பாள்.

ஆனால் மாமி சொன்னது நினைவுக்கு வந்தது. அடிச்சது அடிச்சதுதான். அப்படிப்பட்ட மனுஷி வாழ்க்கையில் ஒன்றே ஒன்று கேட்டார். அதையும் இவர் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். தனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காகச் செத்தவரை ஏமாற்றுவதா? அவருக்கே அவரைக் கண்டு வெட்கமாக இருந்தது. எழுதியது முழுவதும் மனப்பாடம். கோல் இருக்கிறது. ஆட்டோ இருக்கிறது. கிளம்பிவிட்டார்.

கோயில் வாசலில் ஈசாக்கு காத்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர் எங்க தம்பி?"

"பேப்பர் இல்லைங்கய்யா. நானே மனப்பாடமா சொல்லிடறேன்."

"என்ன சொல்லப் போறே?"

அவர் கை சுந்தர்சிங்கின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எழுபத்தைந்து வயதுக் கை, ஈரமாக இருந்தது.

"டீச்சர் சொன்னதைத்தாங்கய்யா."

இருபது வருஷமாக எழுதிக்கொடுத்தவர் முதல் தடவையாக மைக் முன்னால் நின்றார். முதல் ஐந்து நிமிஷம் நன்றாகவே போனது. ஸ்கேல் அடியைச் சொன்னபோது சபையில் மெல்லிய சிரிப்புகூட எழுந்தது. அப்புறம் 1967 வந்தது. குரல் நடுங்காமல் இருக்க, அவர் அதை லினக்ஸ் படிக்கிற மாதிரியே படித்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.



முன் வரிசையிலிருந்து தபீதாளின் குரல் வந்தது. அது அழுகைக் குரலாக இல்லை.

"எந்த ஈசாக்கு?"

அவள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சபையைக் கேட்கவில்லை.

"நீங்களா?"

முன் வரிசையில் ஒரு கைத்தடி தரையில் விழுந்தது. ஆர்கன் வாசிப்பவர் பதறிப்போய், வேறு ஏதோ பாட்டுக்குரிய சுருதியில் ஆரம்பித்துவிட்டார். சபையும் அதிலேயே பாடி முடித்தது.

கல்லறையில் தபீதாள் ஒரு கைப்பிடி மண் போட்டாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. பல்லாவரத்தில் இருக்கும் மகளோடு அவள் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாள். ஈசாக்கை யாரோ கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வீடு வந்து சாராள் செருப்பைக் கழற்றிய பிறகுதான் கேட்டாள்.

"ஏங்க சொன்னீங்க?"

"சொல்லச் சொன்னாங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன்."

"செத்தவங்களுக்குச் சத்தியம் பண்ணீங்க, சரி. உயிரோட இருக்கறவளை யார் நெனைச்சுப் பாக்கறது?"

நாற்பது வருஷக் குடித்தனத்தை ஒரே வரியில் கலைத்துவிட்டோமே என்று சுந்தர்சிங் இரவெல்லாம் புரண்டு படுத்தார். ஆனாலும் டீச்சர் கேட்டதைச் செய்தாயிற்று. அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலை ஒரு வாய் காபி இறங்கியது.

மாரி வாசலிலேயே புலம்பிக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், டீச்சரம்மா பூட்டாங்களாமே! ஐயோ, ஞாயித்துக்கெயமதான சார் இங்க வந்து குந்திகினு இருந்துச்சி!"

சுந்தர்சிங் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இங்கயா?"

"ஆமா சார். நீங்களும் அக்காவும் கோயிலுக்குப் போய்ட்டீங்க. நான் வூடு தொடச்சிகினு கீறேன், ஆட்டோல வந்து எறங்குது. ஒடம்பெல்லாம் தைலத்த தேச்சிகினு, மூச்சு வாங்கிகினு. சார் இல்லன்னேன். பரவால்லன்னு சேர ஒசத்திப் போட்டுகினு, உங்க பொட்டிய தொறந்து டக்கு டக்குனு தட்டினு இருந்துச்சி."

சமையலறையிலிருந்து சாராள் வந்து நின்றாள்.

"என்ன தட்டினாங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்க்கா. நடுவுல ஏதோ வந்து ஓகேவான்னு கேக்குதாம், ஓகேன்னு அமுக்கிச்சாம். பாஸ்வேர்டு கேக்குதே மாரின்னுச்சி. சாருக்கு வேற இன்னா தெரியும், அக்கா பேர போட்டுப் பாருங்கன்னேன். தொறந்துகிச்சி. அப்பால அதுவா கடகடன்னு ரொம்ப நேரம் ஓடிச்சி."

மேலே வந்து உட்கார்ந்த இரண்டு வரிகள் யாருடைய வேலை என்று சுந்தர்சிங்குக்குப் புரிந்தது. தன் பெயர்தான் பாஸ்வேர்டு என்று சாராளுக்கும் புரிந்தது.

"எதுக்கு வந்தாங்கன்னு சொன்னாங்களா மாரி?"

மாரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சே! கல்யாண அவசரத்துல மறந்தே பூட்டேன் சார். 'தங்கச்சி பாவம், அந்த ஒரு வரிய நானே அழிச்சிட்டேன்னு சார்கிட்ட சொல்லிடு'ன்னுச்சி."